சர்வீஸ் பில்லும் வீட்டு ஸ்பானரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காரை வீட்டிலேயே பராமரித்துச் செலவைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்தவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆனாலும் சர்வீஸ் பில் ஏறிக்கொண்டே போகிறது. எந்தெந்த வேலைகளை நானே செய்தால் உண்மையில் பணம் மிஞ்சும்?
– வாசகர், திருச்சி

பதில்: ஸ்பானரைத் தேடுவதற்கு முன், கடைசியாக வந்த பில்லை எடுத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர் போன்று குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டிய பொருள்கள் ஒரு பக்கம் இருக்கும். அவற்றை மாற்றியதற்கான லேபரும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இன்னொரு பக்கம் இருக்கும். இவற்றோடு, ‘த்ராட்டில் பாடி கிளீனிங்’, ‘இன்ஜெக்டர் கிளீனிங்’, ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன்’, ‘இன்ஜின் டிரெஸ்ஸிங்’ என்ற பெயர்களில் வரிசையாகச் சில வேலைகள் இருக்கும். பில்லை வீங்க வைப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவைதான். காரோடு தந்த உரிமையாளர் கையேட்டின் பின்பகுதியில், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கும். பில்லையும் அந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டவணையில் இல்லாத ஒன்றைக் காரில் குறை எதுவும் தெரியாதபோது செய்யத் தேவையில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போதே, ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டில்) எழுதியதற்கு மேல் எதைச் செய்வதானாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அந்தக் கார்டிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். கையில் கிரீஸ் படாமல் கிடைக்கும் இந்தச் சேமிப்பே, வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய எந்த வேலையில் கிடைப்பதையும்விடப் பெரியதாக இருக்கும்.

அதன் பிறகு நீங்களே செய்யக்கூடியவை என்றால் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு, பேட்டரி டெர்மினல், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு, பல்பு, டயர் காற்று ஆகியவற்றைச் சொல்லலாம். வைப்பர் பிளேடு மாற்றும்போது மட்டும், பழைய பிளேடைக் கழற்றியவுடன் கண்ணாடியின் மேல் தடித்த துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் வைத்த வெற்றுக் கம்பி கைநழுவி விழுந்தால் முன் கண்ணாடியே விரிசல் விடும், அப்புறம் மிச்சப்படுத்திய காசு எந்த மூலைக்கு?

டயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரில் தேய்ந்து போகும் பொருள்களில் விலை அதிகமானது அதுதான். காற்று குறைவாக இருந்தால் டயரின் இரண்டு ஓரங்களும், அதிகமாக இருந்தால் நடுப்பகுதியும் சீக்கிரம் தேயும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது. காற்றழுத்தத்தை அளக்கும் நல்ல கேஜ் ஒன்றை வாங்கி, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். பெட்ரோல் பங்குக்கு ஓட்டிச் சென்று சேர்வதற்குள் டயர் சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும். தேய்மானம் ஒரு பக்கமாக இருந்தாலோ, நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் சிறு மேடாக இருக்கும் அடையாளக் கட்டை டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த நிலை வந்துவிட்டது என்று பொருள்.

குறைவாக ஓடுகிறதே என்று ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கையேடு பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று சொன்னால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

கேள்வி: ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் பெண்களே வீட்டில் மாற்றலாம் என்கிறார்கள். எப்படி? மாற்றினால் மைலேஜ் கூடுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: ஆணா பெண்ணா என்பது ஃபில்டருக்குத் தெரியாது. பானெட்டைத் திறந்தால், பெரிய கறுப்புக் குழாய் ஒன்று வந்து சேரும் பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதன் ஓரத்தில் இருக்கும் கிளிப்புகளை (சில கார்களில் ஸ்குரூக்களை) விடுவித்து மூடியைத் தூக்கினால், மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் உள்ளே இருக்கும். அது எந்தப் பக்கம் மேலாக இருக்கிறது என்பதை எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் சருகும் செத்த பூச்சியும் மணலும் சேர்ந்திருக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஊதிவிடாதீர்கள், இன்ஜின் பக்கத்துக் குழாய்க்குள் தூசி போகும். புதிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்த பிறகு மூடியைப் போடுங்கள். கிளிப் மாட்டவில்லை என்றால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்றே பொருள். அழுத்தி மாட்டினால் கிளிப் உடையும். பழைய ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றால் வேகமாக அடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதிக அழுத்தத்தில் காகிதம் நைந்து ஓட்டை விழும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது முழுதாகக் கீழே இறங்கும். பின்னால் தெரியும் நீள்சதுர மூடியைக் கழற்றி ஃபில்டரை உருவலாம். அதன் மேல் காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். புதியதையும் அதே திசையில் செருகுங்கள். பழைய சிறிய கார்கள் சிலவற்றில் ஃபில்டரே இல்லாமல் இடம் மட்டும் விட்டிருப்பார்கள் என்பதால், வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் போய்ப் புழுதியை வாங்கும் காரில், வெண்மையாக வந்த ஃபில்டர் ஓராண்டுக்குள் சாம்பல் நிறமாகி, தட்டினால் மண் கொட்டும். ஏசியில் காற்று குறைவாக வருகிறது என்று கேஸ் நிரப்பச் செலவு செய்தவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது சில நூறு ரூபாய் ஃபில்டர்தான்.

மைலேஜைப் பொறுத்தவரை, கார்பரேட்டர் காலத்தில் அந்தப் பேச்சு சரி. இப்போதைய பெட்ரோல் இன்ஜின்களில் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருளைக் கணினி விடுவதால், அடைத்த ஃபில்டர் வண்டியின் இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகப் பாதிக்காது. இன்ஜினுக்குள் மணல் போகாமல் காப்பதுதான் அதன் வேலை.

கேள்வி: காணொளிகளைப் பார்த்துவிட்டு என் மகன் இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம் என்கிறான். எங்களுடையது 2021ஆம் ஆண்டு டீசல் கார். அனுமதிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: செய்யக்கூடிய வேலைதான், ஆனால் கிடைக்கும் லாபத்தையும் இருக்கும் ஆபத்தையும் தட்டில் வைத்துப் பார்த்தால் முதல்முறை செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் எங்கே மாற்றினாலும் ஏறத்தாழ ஒரே விலை. மிஞ்சுவது லேபர் மட்டுமே. அதற்காக ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் முட்டு), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), ஃபில்டர் ரெஞ்ச், எண்ணெய் பிடிக்கும் தட்டு எல்லாம் வாங்கினால், போட்ட பணம் திரும்ப வரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஆபத்து காருக்கு அடியில் படுப்பதில் இருக்கிறது. காரோடு தரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமானது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றை முட்டுக் கொடுப்பதும் கூடாது. ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொலபொலவென உடையும். சமமான காங்கிரீட் தரை, பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள் ஆகிய இவை அனைத்தும் இருந்தால் மட்டுமே மகனை அடியில் போக விடுங்கள்.

மற்றபடி வேலை நேரானது. இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை முழுதும் வடிய விட வேண்டும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு, கையேடு சொல்லும் டார்க் அளவுக்கு மேல் இறுக்காமல் மாட்ட வேண்டும். ஆயில் தங்கும் அடித்தட்டான சம்ப் பெரும்பாலும் அலுமினியம், மரை போய்விட்டால் செலவு சேமிப்பைப் போலப் பல மடங்காகும். கழற்றி மாற்றும் உருளை ஃபில்டர் என்றால் புதியதன் ரப்பர் வளையத்தில் சிறிது புது ஆயிலைத் தடவிக் கையால் இறுக்கினால் போதும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால், இன்ஜினை இயக்கியவுடன் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஊற்றிய பின், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடுதல் ஆயிலும் கெடுதல்தான்.

உங்கள் கார் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை மாசு விதிகளுக்கு உட்பட்ட டீசல் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இத்தகைய கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். அதற்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் உள்ள தரக் குறியீடு கையேட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றி அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டால், அது பெரிய செலவு.

வடித்த கறுப்பு ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதைச் சாக்கடையில் கொட்டுவதும் கறையான் வராமலிருக்க வேலிக் கம்பங்களிலும் மாட்டுக் கொட்டகை மரங்களிலும் பூசுவதும் நம் ஊரில் சகஜம், இரண்டுமே தவறு. கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். என் யோசனை இதுதான்: ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே சரியானதாகப் பார்த்து வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள், மகன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

கேள்வி: வேலூரில் பனியா கொட்டுகிறது? கூலன்ட்டுக்குப் பதில் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினால் என்ன? ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: தண்ணீர் உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றை அரிக்காமல் காப்பதும் மற்ற இரண்டு வேலைகள். வேலூர் வெயிலுக்கு இவை இரண்டும் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு உங்கள் வாட்டர் ஹீட்டரில் எப்படிப் படிகிறதோ அப்படியே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஆர்ஓ நீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்தான். கடையில் கிடைக்கும் ‘ரெடி மிக்ஸ்’ கூலன்ட்டில் ஏற்கெனவே நீர் கலந்திருப்பதால் மேலும் சேர்க்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. கையேடு சொல்லும் வகையைப் பாருங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் சீறும். மாதாமாதம் அளவு இறங்கினால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் கசிவு எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கீழே சிந்தியதை நாயோ பூனையோ நக்குவதற்கு முன் கழுவி விடுங்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருப்பதால் கார் பெரும்பாலும் நின்றே இருக்கிறது. பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். அப்படியும் அடிக்கடி பேட்டரி இறங்கிவிடுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த ஐந்து நிமிடம்தான் பேட்டரியை இறக்குகிறது. ஸ்டார்ட் செய்வதற்குச் செலவான மின்சாரம், வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் அவ்வளவு சீக்கிரம் திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஊரைச் சுற்றி ஓட்டுங்கள். அதற்கு ஆளில்லை என்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிடலாம். திரும்ப மாட்டும்போது கடிகாரத்தையும் சில கார்களில் பவர் விண்டோவையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும் வகையாக இருந்தால் அந்த எண்ணை முன்பே எடுத்து வையுங்கள்.

பூத்திருப்பதை நீங்களே சுத்தம் செய்யலாம். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முறை மாறி, பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அந்தப் பொறி ஆபத்தானது. வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். கரைசல் பேட்டரி மூடியின் துளைகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பின் முனைகளை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் பேட்டரிக் கடைக்காரரின் வார்த்தையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ்; 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். சிக்னலில் தானாக அணைந்து எழும் வகைக் கார்களுக்குத் தனி வகை பேட்டரி உண்டு. அதில் சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: வாரண்டியில் இருக்கும் காரில் நானே கை வைத்தால் வாரண்டி போய்விடுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வைப்பர், ஏசி ஃபில்டர், டயர் காற்று போன்றவற்றால் ஒன்றும் ஆகாது. மற்றவற்றைப் பொறுத்தவரை, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் பிறப்பித்த ஆணை குறிப்பிடத்தக்கது. கார் உரிமையாளர் வெளியில் கொடுத்து வேலை பார்த்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பது அதன் சாரம். நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. கொள்கை நம் பக்கம் இருந்தாலும், நாளைக்கு இன்ஜினில் கோளாறு என்று சர்வீஸ் சென்டரில் நின்று வாதாடப் போகிறவர் நீங்கள்தான். ஆகவே அட்டவணைப்படியான சர்வீஸை வாரண்டி முடியும்வரை அங்கேயே செய்து, பில்களைக் கோப்பில் வையுங்கள். தொடக்க இலவச சர்வீஸ்களில் லேபர் மட்டுமே இலவசம், ஆயிலுக்குப் பணம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்யவே பணம் கேட்கிறார்கள். இணையத்தில் விற்கும் சிறிய புளூடூத் கருவியை வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வாங்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசிச் சாக்கெட்டில் செருகி, கைப்பேசிச் செயலியில் பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். குறியீடு எந்த இடத்தில் குழப்பம் என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0171 என்று வந்தால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். வெடித்த ரப்பர் குழாயோ, சென்சாரோ, பெட்ரோல் பம்போ எதுவும் காரணமாகலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சார் வாங்கப் புறப்படாதீர்கள். மெக்கானிக் பார்க்கும் முன் அதை அழிக்கவும் வேண்டாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். வேலை முடிந்ததும் கருவியை உருவிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரியைத் தின்னும்.

கேள்வி: எலி ஒயரைக் கடித்து ஒருமுறை பெரிய செலவு வைத்துவிட்டது. புகையிலை கட்டினால் வராது என்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: புகையிலை வாசனை சில நாளில் போய்விடும், காய்ந்த இலையைச் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பதும் நல்லதல்ல. வயல் ஓரத்து வீடுகளில் அறுவடைக்குப் பிறகு எலி அதிகம் வரும். காருக்குள் பிஸ்கட் துணுக்கு, கடலைத் தொலி எதுவும் கிடக்க விடாதீர்கள். பாதுகாப்பான ஷெட் என்றால் இரவில் பானெட்டைத் திறந்து வைப்பது பலன் தருகிறது. இருட்டும் கதகதப்பும்தான் எலிக்கு வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து சருகு, புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பாருங்கள், அதற்குள் கூடு கட்டுவது உண்டு.

கேள்வி: அடிக்கடி கொடைக்கானல் போய் வருகிறோம். பிரேக் பேடை நானே மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மலைப்பாதையில் ஓடும் வண்டியின் பிரேக்கைப் பழகும் இடமாக ஆக்காதீர்கள். பார்ப்பது மட்டும் உங்கள் வேலை: அலாய் வீல் இடுக்கின் வழியே டார்ச் அடித்துப் பேடின் தடிமனைப் பாருங்கள், பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். அளவு மெல்ல இறங்கினால் பேட் தேய்கிறது என்று பொருள். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு போலக் கீழே போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லுங்கள். பேட் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மலையில் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற ஒயர்கள், ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்: தொட வேண்டாம்.

கேள்வி: ஸ்பேர் பார்ட்ஸை சென்னை ஜிபி ரோட்டில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: அங்கே அசலும் கிடைக்கும், அதே அட்டைப்பெட்டியில் போலியும் கிடைக்கும். பழைய பாகத்தில் உள்ள பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போய், அதே எண்ணைக் கேளுங்கள். அச்சிட்ட விலையைவிட நம்ப முடியாத தள்ளுபடி தந்தால் வாங்காதீர்கள். பில் தர மறுக்கும் கடையிலும் வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவுக் கைப்பிடி, கண்ணாடிக் கூடு, வீல் கப் போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.